பதினாறாம் நம்பர் பிள்ளை

குரு, சிஷ்யன்னு சொன்னதும் தாடியும் மரத்தடியும் நினைச்சுக்கிடாதீங்க. இந்தக் கதையில குரு ஒரு பொம்பளை, வயசு முப்பத்தாறு. சிஷ்யருக்கு அம்பத்தொன்பது நடக்குது, வர்ற மே மாசத்தோட ரிட்டயர்டு. ரெண்டு பேரையும் எனக்கு நல்லாத் தெரியும். நானும் ஒரு டீச்சர்தான், அந்த வகுப்புல கடைசி வரிசை.

வகுப்புன்னா வாத்தியார்மாருக்கு நடக்குற வகுப்பு. சனிக்கிழமை சாயங்காலம், தூத்துக்குடிக்குத் தெக்க, உப்பளத்து ரோட்டுல ஒரு பழைய உப்புக் குடோன்ல நடக்கும். உப்பளத்துப் பிள்ளைக ஏழு, எட்டு படிக்கும்போதே பாதியில நின்னுடுது. மத்த பிள்ளைகளுக்குக் கிடைக்குறது இதுகளுக்கும் கிடைக்க வாத்தியார் என்ன செய்யணும்னு பேசத்தான் அந்த வகுப்பு. நடத்துறது பாக்கியசீலி டீச்சர். அவங்களும் உப்பு வாருன வீட்டுல பிறந்தவங்கதான். கேட்ட கேள்விக்கு நேராப் பதில் சொன்னா அவங்களுக்கு என்ன குறைஞ்சு போகுமோ, ஒரு நாளும் சொல்ல மாட்டாங்க. ஒரு வேலை குடுத்து அனுப்பிடுவாங்க. எனக்கு ஆரம்பத்துல எரிச்சலா வரும்.

சிஷ்யர் பேரு தர்மக்கண். பக்கத்து ஊரு நடுநிலைப் பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர். ஏழாம் வகுப்புக்கும் அவருதான் பாடம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, ஒரு சொட்டு மை படாது. ஆறு சனிக்கிழமை வந்தாரு, ஒரு வார்த்தை பேசல. ஏழாவது சனிக்கிழமை பிள்ளைக மாதிரி கையைத் தூக்குனாரு.

"டீச்சர், ஒரு சந்தேகம். பாடத்துல இல்ல. கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"சர்வீஸ் முடியப் போகுது. என்கூட வேலை பார்த்தவங்க வீட்டுக்கெல்லாம் பழைய பிள்ளைக வருது. கல்யாணப் பத்திரிகை வைக்குது. பஸ்ஸுல பார்த்தா எந்திரிச்சு எடம் குடுக்குது. என்னைத் தேடி இன்னைக்கு வரைக்கும் ஒரு பிள்ளை வந்ததில்ல."

அவரே மேல பேசினாரு.

"நான் ஒருத்தரையும் கைநீட்டி அடிச்சதில்ல. பாடத்துல குறை வச்சதில்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வாசல்ல நாற்காலி போட்டு உக்காருதேன். கேட்டு திறக்குற சத்தம் வந்தா நெஞ்சு படபடங்குது. பார்த்தா பால்காரர். வெக்கத்தை விட்டுக் கேக்குதேன் டீச்சர், ஏன் ஒண்ணுமே வரல?"

அந்த வயசுல ஒரு ஆம்பளை நாலு பேரு முன்னால இப்படிக் கேக்குறதுன்னா சும்மாவா?

பாக்கியசீலி டீச்சர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாங்க.

"இப்ப வகுப்புல எத்தனை பிள்ளைக சார்?"

"நாப்பத்தொண்ணு."

"யாராவது வராம இருக்கா?"

"பதினாறு வரல. பதினோரு நாளாச்சு."

"பதினாறு பேரா?"

"ஐயோ, இல்ல டீச்சர். பதினாறாம் நம்பர். ஒரு பொம்பளைப் பிள்ளை."

பிறகுதான் விளக்கினாரு. அவரு வகுப்புல பேரு கிடையாது. வருகைப் பதிவுல இருந்து கரும்பலகைக்குக் கூப்பிடுற வரைக்கும் எல்லாம் நம்பர்தான். பதினாறுன்னா அந்தப் பிள்ளை எந்திரிச்சு "உள்ளேன் ஐயா" சொல்லணும். பதிவேட்டுல பேரு இருக்கும், ஆனா அவரு கண்ணு நம்பர்லயே நிக்கும். அப்படிப் பழக்கிட்டாரு. பேரைச் சொன்னா என்ன ஜாதி, என்ன மதம்னு பாதி தெரிஞ்சிடுது, அப்பன் பேரைக் கேட்டா மீதியும் தெரிஞ்சிடுதுன்னு சொன்னாரு.

"நான் படிக்கும்போது ஒரு வாத்தியாரு என்னை ஜாதிப் பேரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவாரு. வகுப்பே சிரிக்கும். நான் வாத்தியாரானா ஒரு பிள்ளைக்கும் அது நடக்கக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். முப்பது வருசமா நம்பர்தான். என் வகுப்புல எல்லாரும் ஒண்ணு டீச்சர். யாரு எந்த வீட்டுப் பிள்ளைன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

அதைச் சொல்லும்போது மனுசன் நிமிர்ந்து உக்காந்தாரு. பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது? நல்ல மனுசன், அதுல யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

"அந்தப் பிள்ளையைப் பார்த்துட்டு வாங்க சார்," னாங்க டீச்சர்.

"என் கேள்விக்கு..."

"பார்த்துட்டு வாங்க."

திங்கக்கிழமை பத்து மணிக்கு உப்பளத்துக்குப் போயிருக்காரு. பங்குனி வெயில். அளத்துல அந்நேரம் நின்னவங்களுக்குத் தெரியும், மேல இருந்தும் சுடும், கீழ உப்புல பட்டும் சுடும். விடியுமுன்ன வேலைக்கு வந்த பொம்பளைக அப்பத்தான் தூக்குவாளியைத் திறந்து பழைய சோத்து நீச்சத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாங்களாம்.

"என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒண்ணு வரல. அதைத் தேடி வந்தேன்."

"பேரு என்ன சார்?"

இவரு முழிச்சிருக்காரு. "ஏழாம் வகுப்பு."

"எந்தப் பள்ளிக்கூடமோ, ஏழாம் வகுப்புன்னு நாலு பிள்ளை இருக்கு இங்க. எது?"

"ரெண்டு சடை போட்டிருக்கும்."

"நாலும் ரெண்டு சடைதான்."

"கொஞ்சம் கறுப்பா இருக்கும்."

ஒரு பொம்பளை நீச்சத்தண்ணி புரையேறச் சிரிச்சிட்டாளாம். "இந்த வெயில்ல நிக்கிற பிள்ளைக வேற என்ன நிறத்துல சார் இருக்கும்?"

இன்னொருத்தி கேட்டாளாம்: "இன்னார் மகள்னு எதாவது தெரியுமா? எந்த வீடு?"

"அதெல்லாம் நான் கேக்குறதில்லம்மா."

சிரிச்சவளே சிரிப்பை நிறுத்திட்டு, "ஒரு பிள்ளையைத் தேடி வந்துருக்கீக, அது யாருன்னே தெரியாமலா வந்தீக?" ன்னு கேட்டாளாம். குத்திக் காட்டணும்னு கேக்கல. நிசமாவே விளங்காமத்தான் கேட்டாளாம். அதுதான் தாங்க முடியலன்னு பிறகு எங்ககிட்ட சொன்னாரு.

திரும்பி வந்து அன்னைக்குச் சாயங்காலமே டீச்சர் வீட்டுக்குப் போயிட்டாரு. சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியல.

"பார்த்தீங்களா சார்?"

"பார்க்க முடியல. கேக்கத் தெரியல எனக்கு."

டீச்சர் ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. "நாளைக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும்ல சார்?" ன்னு மட்டும் கேட்டாங்களாம்.

மறுநாள் காலையில பதிவேட்டை எடுத்து, பதினாறுல விரலை வச்சு, பக்கத்துல இருந்த பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சாராம், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி. மாரிக்கனி. வாய்க்குள்ள நாலஞ்சு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டு மறுபடியும் உப்பளத்துக்குக் கிளம்பியிருக்காரு.

இந்தத் தடவை கேட்டதும் கையைக் காட்டிட்டாங்க. "அந்தா, கடைசிப் பாத்தி. தலைச்சுமையோட வருதுல்ல."

பதிமூணு வயசுப் பிள்ளை. தலையில உப்புக் கூடை, காலுல அவ அம்மாவோட பெரிய ரப்பர் செருப்பு. வரப்பு மேல நடந்து வந்துக்கிட்டு இருந்திருக்கா.

"மாரிக்கனி!"

அவ நின்னுட்டா. கூடையை இறக்கி வச்சா. முகத்துல வழிஞ்ச தண்ணியைத் துடைச்சா. கிட்ட வந்ததும் முதல்ல கேட்டது இதுதானாம்:

"என் பேரு ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

"ஏன் பள்ளிக்கூடம் வரல?" ன்னு அதட்டலாக் கேட்டு வச்சிருக்காரு. வாத்தியார் புத்தி.

"வந்தேனே சார். மூணு நாள் வந்தேன். அம்மாவுக்குக் காலெல்லாம் வெடிச்சுப் புண்ணாயிட்டு, உப்புத் தண்ணியில எறங்க முடியல. அவுக எடத்துல நான் நிக்காட்டி வேற ஆளைப் போட்டுருவாக. பத்து மணிக்கு வேலை முடிச்சு, குளிச்சு, ஓடி வந்தேன். கேட்டு பூட்டியிருந்துச்சு."

ஒன்பதே காலுக்குப் பள்ளிக்கூடக் கேட்டைப் பூட்டுறது தர்மக்கண் சாரோட சட்டம். பண்ணையார் மகனா இருந்தாலும் ஒன்பதே கால்தான். ஒரு தடவை கவுன்சிலர் பேரன் வெளிய நின்னு அழுதிருக்கான், திறக்கல. ஊரே அதைப் பெருமையாப் பேசும்.

"சத்தம் குடுத்திருக்கலாமே?"

"பாடம் நடக்கும்போது சத்தம் போட்டா மத்தவுகளுக்கு இடைஞ்சல்னு நீங்கதான சார் சொல்லுவீக. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க தசமம் நடத்துனீக. எனக்குக் கேட்டுச்சு. முக்காலை தசமமா மாத்தச் சொன்னீகள்ல? பூஜ்யம் புள்ளி ஏழு அஞ்சா சார்?"

"ஆமா."

"சரியா சார்?"

"சரிதான்மா."

பிள்ளை சிரிச்சிருக்கா. பிறகு செருப்பைப் பார்த்துக்கிட்டே கேட்டாளாம்.

"பதினாறை வேற யாருக்கும் குடுத்துட்டீகளா சார்?"

"இல்ல."

"குடுத்துராதீக சார். அம்மாவுக்குக் கால் ஆறட்டும், வந்துடுவேன். தினமும் ஒன்பது மணிக்கு இங்க நின்னே உள்ளேன் ஐயா சொல்லிக்கிடுவேன். நீங்க பதினஞ்சு கூப்பிட்டு முடிச்சிருப்பீகன்னு ஒரு கணக்கு."

அங்க இருந்து அவ வீட்டுக்குப் போயிருக்காரு, அம்மா படுத்திருந்தாளாம். காலைப் பார்த்தாலே பாவமா இருந்துச்சாம். பேச்சு மட்டும் நல்ல காரம்.

"இந்த வீட்டுக்குள்ள ஒரு வாத்தியார் வந்தது இதுதான் மொத தடவை. உக்காருங்க சார். நாற்காலி இல்ல, பாய்தான்."

"பிள்ளையை வேலைக்கு அனுப்பக் கூடாதும்மா. சட்டம் இருக்கு."

"சட்டத்தை வரச் சொல்லுங்க சார், ரெண்டு மாசம் என் எடத்துல வாருபலகையைப் பிடிக்கட்டும். நான் பிள்ளையை அனுப்பிடுதேன்."

அப்பத்தான் இவரு பாயில உக்காந்தாரு.

"படிப்பு வேண்டாம்னா சொல்லுதேன்? அது ராத்திரி தூக்கத்துல கணக்கு சொல்லுது சார். பெத்தவளுக்கு வயிறு எரியாதா? பதினோரு மணிக்கு விடுவீகன்னா சொல்லுங்க, நான் தவழ்ந்தாவது அதைக் கிளப்பி விடுதேன். ஆனா கேட்டுல நின்னுட்டுத் திரும்பி வந்து அழுவுதே, அதைத்தான் என்னால பார்க்க முடியல. முடியாதுன்னா முடியாதுன்னு இப்பவே சொல்லிட்டுப் போயிடுங்க. பிள்ளை ஆசையை அறுத்துக்கிடும்."

முடியும்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. "யோசிச்சுச் சொல்லுதேன்மா" ன்னுட்டு வந்துட்டாரு. ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தா, பிள்ளை வரப்புல நின்னு அவரு போறதையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கா. அவரு கை காட்டல. காட்டியிருக்கலாம்னு எங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னாரு.

பின்னால நடந்ததை முன்னாலயே சொல்லிடுதேன், இல்லன்னா நீங்க அந்தப் பிள்ளை என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னே படிப்பீங்க. மாரிக்கனி அந்த வருசம் பரீட்சை எழுதினா. எட்டாம் வகுப்புக்கும் போனா. பதினோரு மணிக்கு வந்த பிள்ளைக, மத்த வகுப்புலயும் சேர்த்து, அவளோட ஆறு பேரு. அவங்க வந்ததும் ரெண்டாவது தடவை வருகைப் பதிவு எடுத்தாங்க, பேரு சொல்லி. காலையில விட்டுப்போன பாடத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கப்புறம் சாரே உக்காந்து சொல்லிக் குடுத்தாரு. மத்த பிள்ளைக "எங்களுக்கும் பதினோரு மணி வேணும்"னு கேக்கத்தான் செஞ்சுது. "விடியுமுன்ன எந்திரிச்சு ஒரு நாள் உப்புச் சுமந்துட்டு வாங்கலே, தாரேன்"னு சார் சொன்னதும் கப்சிப்னு ஆயிட்டு. இதெல்லாம் சரி. ஆனா இதுக்கெல்லாம் முன்னால, அந்த வாரச் சனிக்கிழமை குடோன்ல நடந்ததைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன்.

அன்னைக்கு நாங்க பதினாலு பேரு இருந்தோம். தர்மக்கண் சார் நடந்ததை எல்லாம் ஒண்ணு விடாமச் சொன்னாரு. புரையேறிச் சிரிச்ச பொம்பளையைக்கூட விடல. சொல்லி முடிச்சிட்டு, வேட்டி நுனியைக் கையில சுத்திக்கிட்டே கேட்டாரு.

"டீச்சர், அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் பதில் சொல்லல. அது ரோட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கும். எனக்குச் சோறு எறங்கல. ஆனா ஒருத்திக்காகக் கேட்டைத் திறந்தா மத்த நாப்பது பேருக்கு நான் என்ன சொல்ல? முப்பது வருசமா ஒருத்தருக்கும் திறந்ததில்ல. எல்லாரும் ஒண்ணுன்னு நான் புடிச்ச பிடி அது. அதை விட்டுட்டா நான் செஞ்சதெல்லாம் தப்புன்னு ஆயிடாதா?"

பாக்கியசீலி டீச்சர் சாக்பீஸைக் கீழ வச்சாங்க. கையைத் தட்டிக்கிட்டு, எப்பவும் நிக்கிறவங்க, அன்னைக்கு அவருக்கு எதிர்த்தாப்புல தரையில உக்காந்துட்டாங்க.

"ஒரு பிள்ளை கதை சொல்லுதேன் சார்."

"சொல்லுங்க."

"அதுவும் உப்பளத்துப் பிள்ளைதான். அதுவும் ஏழாம் வகுப்பு. அப்பா படுத்த படுக்கை ஆயிட்டாரு. பிள்ளை அவரு எடத்துல போய் நின்னுச்சு. அது நின்ன வரப்புல இருந்து பார்த்தா ரோடு தெரியும். அதோட வாத்தியாரு சைக்கிள்லதான் வருவாரு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு."

"ம்."

"ரோட்டுல வெள்ளையா எது வந்தாலும் பிள்ளை கூடையை இறக்கி வச்சிடும். எத்தனையோ வெள்ளைச் சட்டை போச்சு. ஒவ்வொண்ணும் கிட்ட வர்ற வரைக்கும் அவருதான். இன்னைக்கும் தூரத்துல வெள்ளைச் சட்டையைப் பார்த்தா நெஞ்சு அடிச்சுக்கிடுது."

கடைசிச் சொல்லுல டீச்சர் குரல் கம்மிட்டு. நான் நிமிர்ந்து பார்த்தேன். தர்மக்கண் சார் கதையில இருந்தாரு, கவனிக்கல.

"அவரு வந்தாரா டீச்சர்?"

"வரல சார்."

"என்ன மனுசன் அவரு!"

"அப்படிச் சொல்லாதீங்க. ரொம்ப நல்லவரு. ஒருத்தரையும் அடிக்க மாட்டாரு. ஒருத்தரையும் தள்ளி உக்கார வைக்க மாட்டாரு. மத்த வகுப்புல எல்லாம் அந்தப் பிள்ளையைத் தரையில ஓரமா உக்கார வச்சாங்க, அவரு வகுப்புலதான் அதுக்கு பெஞ்சுல எடம் கிடைச்சுது. அதனாலதான் சார் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு ஆசை. வேற எந்த வாத்தியாரையும் அது எதிர்பார்க்கல."

"எத்தனை நாள் பார்த்துச்சு?"

"ஐப்பசி மழை விழுந்து அளம் மூடுற வரைக்கும்."



"பிறகு?"

"பிறகு மூணு வருசம் உப்பு வாருச்சு. பக்கத்து ஊரு சத்துணவு ஆயா ஒருத்தங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி மறுபடியும் பள்ளிக்கூடத்துல சேர்த்துவிட்டாங்க. படிச்சு மேல வந்துட்டு."

"வளர்ந்த பிறகு அந்த வாத்தியாரைப் போய்ப் பார்க்கலையா?"

"போகணும்னு நிறைய நாள் நினைச்சுச்சு. போயி என்னன்னு சொல்லன்னு திரும்பி வந்துடும். பிறகு ஒரு நாள் அவரையே பார்த்துச்சு. அவருக்கு அடையாளம் தெரியல."

தர்மக்கண் சார் மூக்கை உறிஞ்சிக்கிட்டாரு. முப்பது வருசத்துல இல்லாத பழக்கம் ஒண்ணு அந்த ஒரு வாரத்துல அவருக்கு வந்திருந்துச்சு. பேரைக் கேட்டாரு.

"அந்தப் பிள்ளை பேரு என்ன டீச்சர்?"

டீச்சர் ஏழாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கிட்டு அவரு முன்னால எந்திரிச்சு நின்னாங்க.

"பேரைச் சொன்னா உங்களுக்கு விளங்காது சார். முப்பத்தொண்ணு."